பாதாலிங் பெருஞ்சுவருக்கு எது: எஸ்2 பழைய தடமா, அதிவேக ரயிலா?

பெய்ஜிங்கிலிருந்து பாதாலிங் பெருஞ்சுவருக்கு ரயிலில் போக இரண்டு வழி: 2008 ஆகஸ்டில் தொடங்கிய எஸ்2 புறநகர் ரயில், 2019 டிசம்பர் 30 அன்று திறந்த ஜாங்ஜியாகோ அதிவேகப் பாதை. வேகத்தில் போட்டியே இல்லை. பெய்ஜிங்கின் ச்சிங்ஹே நிலையத்திலிருந்து அதிவேக ரயிலுக்கு 20 நிமிடம் சொச்சம். எஸ்2 கிளம்பும் ஹுவாங்துதியென் நிலையத்தில் ஏறினால் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆனாலும் என் ஓட்டு எஸ்2-க்கே.

காரணம் ஒன்றுதான், அது போகும் தடம். அதிவேகப் பாதை 12 கி.மீ. சுரங்கத்துக்குள் மலையைக் கடக்கிறது. பாதாலிங் நிலையமே தரைக்கு 102 மீட்டர் கீழே. சுவர் தலைக்கு மேலே போய்விடும், கண்ணில் படாது. எஸ்2 ஓடுவதோ சீனப் பொறியாளர் ஜான் தியென்யோ 1905–1909இல் போட்ட தடம். குவான்கோ பள்ளத்தாக்கில் ஏற்றம் சில இடங்களில் 30 மீட்டருக்கு 1 மீட்டர். நேராக ஏற முடியாது என்பதால் ச்சிங்லோங்ச்சியாவில் தடத்தைக் கவட்டை போலப் பிரித்தார்: ரயில் ஒரு கிளையில் ஏறி நிற்கும், ஓட்டுநர் மறுமுனைக்குப் போவார், அடுத்த கிளையில் ரயில் பின்முகமாகக் கிளம்பும். இப்படி உயரம் பிடித்ததால் 1,091 மீட்டர் சுரங்கமே போதுமானது. இன்றும் எஸ்2 அங்கே திசை மாறித்தான் போகிறது. புதிய சுரங்கம் அதே நிலையத்துக்கு நேர் கீழே செல்கிறது!

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் பாதி வரை எஸ்2 வழியிலுள்ள ஜுயோங்குவான் கணவாயின் சரிவுகளில் பாதாமி, பீச் மரங்கள் பூத்திருக்கும். கூட்டமும் அப்போதுதான் உச்சம். குளிர்காலத்தில் மலை வெறும் பழுப்பு. எஸ்2 மேல் எனக்குள்ள விருப்பமும் அப்போது பாதியாகக் குறையும்.

ஹுவாங்துதியென், மெட்ரோவின் ஹுவோயிங் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது (8, 13ஆம் தடங்கள்). போக்குவரத்து அட்டையைத் தட்டி ஏறலாம், இருக்கை எண் கிடையாது. சன்னல் வேண்டுமென்றால் முன்கூட்டியே வரிசையில் நிற்க வேண்டும். பாதாலிங்கில் இறங்கியபின் சுவர் வாசலுக்கு ஏற்றத்தில் கொஞ்ச தூரம் நடை. முதியவர்களோடு போகிறவர்களுக்கு அதிவேக ரயில்தான் சரி. வெளியே வந்தால் வாசல் பக்கம்.

எஸ்2-வின் பெரிய குறை, வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் மணிக்கணக்கில் காத்திருப்பு. செவ்வாய் முதல் வியாழன் வரை அட்டவணையும் வேறு. அதனால் போக எஸ்2, திரும்ப அதிவேக ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அதிவேக வண்டிகளும் பாதாலிங்கில் நிற்காது. திரும்பும் டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண்ணோடு முதலிலேயே எடுத்துவிடுங்கள்.