ஒரு செல்லைப் பார்த்து வரிசையே நிறம் மாற வேண்டுமா? கண்டிஷனல் ஃபார்மேட்டிங் பற்றி என் கருத்து

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபிஸ் கால்க் மூன்றிலும், செல்லில் (கட்டத்தில்) உள்ளதைப் பொறுத்து நிறம் தானாக மாறும் இந்த வசதியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒரு செல்லில் எண் 50-ஐத் தாண்டினால் அதே செல்லைச் சிவப்பாக்குவது பெரிய விஷயமில்லை, மெனுவிலேயே இருக்கிறது. டி நெடுவரிசையில் "முடிந்தது" என்று அடித்ததும் ஏ முதல் எஃப் வரை அந்த வரிசை மொத்தமும் பச்சையாக வேண்டும் என்றால்தான் சிக்கல். அதற்கு ஃபார்முலா எழுத வேண்டும், பாதிப் பேர் அந்த இடத்திலேயே கழன்றுகொள்கிறார்கள்.

கழன்றுகொள்ளும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஏ2 முதல் எஃப்200 வரை செலக்ட் செய்து, எக்செல்லின் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் மெனுவில் நியூ ரூல் போய், "யூஸ் எ ஃபார்முலா" என்று தொடங்கும் கடைசி வரியைத் தேர்ந்தெடுத்து (கூகுள் ஷீட்ஸில் "கஸ்டம் ஃபார்முலா இஸ்", கால்க்கில் "ஃபார்முலா இஸ்"), =$டி2="முடிந்தது" என்று எழுதி நிறத்தைக் கொடுத்தால் முடிந்தது வேலை. இஃப் எல்லாம் தேவையே இல்லை, ஆமா இல்லையா என்று ஒரு பதில் வந்தால் போதும்.

எல்லாம் அந்த ஒற்றை டாலரில் இருக்கிறது, தனக்கு அடுத்து வருவதை நகராமல் பிடித்து வைக்கும் குறி அது. அதை விட்டுவிட்டால் ஏ2 டி2-வைப் பார்க்கும், பி2 ஈ2-வைப் பார்க்கும், சி2 எஃப்2-வைப் பார்க்கும், கடைசியில் முதல் நெடுவரிசை மட்டும் பச்சையாகி மற்றதெல்லாம் வெறுமையாக நிற்கும். சரி என்று 2-க்கு முன்னாலும் ஒரு டாலர் போட்டீர்களோ, எல்லா வரிசையும் டி2 ஒன்றையே பார்க்கும். நான் ஒருமுறை இப்படிப் போட்டு, முதல் வேலை முடிந்ததுமே ஷீட் முழுக்கப் பச்சைப் பசேல் என்று ஆகி, அதைக் கவனிக்காமல் அனுப்பியும் வைத்து, "எல்லாம் முடிஞ்சிருச்சா, சூப்பர்" என்று பதில் வாங்கியவன். இன்னொன்று, எக்செல்லில் செலக்ட் செய்யும்போது மேலிருந்து கீழே இழுங்கள். கீழிருந்து மேலே இழுத்தால் ஃபார்முலாவை அது ஏ200-க்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளும், நிறம் எங்கெங்கோ போய் உட்காரும்.

எக்செல்லின் அந்த ஃபார்முலா பெட்டியைத்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு எழுத்தைத் திருத்தலாம் என்று ஆரோ கீயைத் தட்டினால் கர்சர் நகராது, சம்பந்தமே இல்லாத செல் முகவரி ஒன்று நடுவில் வந்து விழும். முதலில் கீபோர்டில் எஃப்2 கீயை அழுத்திவிட்டு அப்புறம் திருத்த வேண்டும். இது தெரியாமல் எத்தனை முறை அழித்து எழுதியிருப்பேன்!

தேதி வைத்து ரூல் போடுகிறவர்களுக்கு: கெடு தாண்டியதைச் சிவப்பாக்க =$சி2<டுடே() என்று போட்டால், தேதி போடாத வரிசைகளும் சேர்ந்து சிவக்கும், ஏனென்றால் காலி செல் என்றால் 0 என்று கணக்கு. =அண்ட்($சி2<>"",$சி2<டுடே()) என்று போடுங்கள். நிறமே வரவில்லையா, "முடிந்தது"க்குப் பின்னால் யாராவது ஒரு ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள். ஓரத்து ஸ்பேஸை நீக்கும் ட்ரிம் ஃபங்ஷனைப் போட்டு =ட்ரிம்($டி2)="முடிந்தது" என்று எழுதினால் சரியாகிவிடும்.

மூன்றில் எது தேவலை? எழுத்தின் அளவையும் மாற்ற வேண்டுமென்றால் கால்க்தான், அது செல் ஸ்டைலையே மாற்றிவிடுவதால் முடிகிறது, மற்ற இரண்டிலும் அது நடக்காது. கூகுள் ஷீட்ஸில் ரூல் பட்டை பக்கத்திலேயே திறந்திருப்பது வசதி, ஆனால் வேறு ஷீட்டில் உள்ள செல்லைப் பார்க்க வைக்க இன்டைரக்ட் என்ற ஃபங்ஷனைப் போட்டாக வேண்டும். எக்செல்லில் 2010 பதிப்பிலிருந்து நேரடியாகவே எழுதலாம். 2003 வரை ஒரு செல்லுக்கு 3 நிபந்தனைதான் என்ற கட்டுப்பாடு இருந்தது, 2007-இல் அது ஒழிந்தது.

ஒழிந்ததும் வேறு தொல்லை. வரிசைகளை காப்பி பேஸ்ட் செய்யச் செய்ய ரூல்கள் துண்டு துண்டாகப் பெருகும். எப்போதாவது மேனேஜ் ரூல்ஸ் திறந்து பாருங்கள், ஒரே ரூல் இருபது முறை வரிசைகட்டி நிற்கும், ஒன்றை விட்டுவிட்டு மீதியை அழித்து அதன் எல்லையைத் திரும்ப ஏ2 முதல் எஃப்200 என்று மாற்ற வேண்டியதுதான். ஒட்டும்போது வேல்யூவை மட்டும் ஒட்டினால் இந்தப் பாடு இல்லை.

பச்சையானது எத்தனை என்று எண்ண முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நிபந்தனைக்குப் பொருந்தும் செல்களை எண்ணும் கவுண்ட்இஃபின் கண்ணில் நிறம் படாது. அதே நிபந்தனையை அதற்கும் கொடுங்கள், =கவுண்ட்இஃப்(டி2:டி200,"முடிந்தது"). என் ஷீட்டில் இதை மேலே ஓரத்தில் வைத்திருக்கிறேன், பச்சை வரிசைகளும் அந்த எண்ணும் ஒத்துப்போகாத அன்று டாலரில்தான் போய்த் தேடுவேன்.