ஏர் கூலரா, 360 மி.மீ. ஏ.ஐ.ஓ.வா?

ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு என்று முடிவாகிவிட்டால் அடுத்து மண்டையைக் குடைவது பிராசஸரைக் குளிர்விக்கும் கூலர்தான்: உலோகத் தகடுகளும் ஃபேனும் மட்டுமுள்ள ஏர் கூலரா, பம்ப் வைத்துத் திரவத்தை ஓட்டி, ஃபேன்கள் மாட்டிய ரேடியேட்டரில் ஆறவைக்கும் ஏ.ஐ.ஓ.வா? கேம் ஆட மட்டும் என்றால் என் ஓட்டு இரண்டு தகட்டு அடுக்குகள் கொண்ட இரட்டைக் கோபுர ஏர் கூலருக்கே.

வாட் கணக்கைப் பாருங்கள். 9800எக்ஸ்3டி உச்சத்தில் இழுப்பதே 162 வாட்தான். பெரும்பாலான கேம்களில் 100-ஐத் தொடுவதில்லை. 5090 கார்டோ 575 வாட் வரை இழுத்து, அத்தனையையும் சூடாகக் கேபினெட்டுக்குள் கொட்டும். ஆக, பெரிய வேலை பிராசஸரைக் குளிர்விப்பதல்ல, கேபினெட்டிலிருந்து சூட்டை வெளியேற்றுவதுதான். ஏ.ஐ.ஓ.வில் போடும் கூடுதல் பணத்தை வலைமுகப்புள்ள கேபினெட்டிலும் நல்ல 140 மி.மீ. ஃபேன்களிலும் போட்டால் கார்டுக்கும் சேர்த்துப் பலன் கிடைக்கும்.

ஏர் கூலரின் பலவீனமும் அந்தக் கார்டுதான். என்விடியாவே வெளியிடும் 5090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் கீழிருந்து காற்றை இழுத்து, சூடாக்கி, மேலே ஊதுகிறது. நேராக ஏர் கூலர் காற்றிழுக்கும் இடத்துக்கு. பின்பக்க, மேற்பக்க ஃபேன்கள் அதை உடனே வெளியே தள்ள வேண்டும். ரேடியேட்டரை மேலே மாட்டினால் அதுவும் இதே சூட்டைத்தான் குடிக்கும். முன்பக்கம் மாட்டினால் பிராசஸருக்குப் புதுக்காற்று, கார்டுக்கு ரேடியேட்டர் வெந்த காற்று. கேமிங்குக்கு மேலே மாட்டுவதே மேல்.

ஏ.ஐ.ஓ. தேவைப்படும் இடம் வேறு. இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே பிராசஸர் 250 வாட் வரை போகும். அதில் மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர் தயங்காமல் 360 வாங்கலாம். பெட்டியை அடிக்கடி தூக்கிக்கொண்டு அலைபவருக்கும் அதுதான் சரி. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஏர் கூலர் பயணக் குலுக்கலில் மதர்போர்டையே வளைத்துவிடும். பார்சலில் அனுப்பும்போது கழற்றியே ஆகவேண்டும்.

வாங்குமுன் அளவு எடுங்கள். நாக்டுவா என்எச்-டி15 உயரம் 165 மி.மீ., அதன் ஜி2 வகை 168. முன் ஃபேனின் அடியில் ரேமுக்குக் கிடைப்பது 32 மி.மீ. மட்டுமே. விளக்கு வைத்த ரேம் 40-ஐத் தாண்டும், ஃபேனை மேலே ஏற்றுவீர்கள், பக்கக் கண்ணாடி மூடாது. ஏ.ஐ.ஓ.வில் வழக்கமான ரேடியேட்டர் 27, ஃபேன் 25, ஆக 52 மி.மீ. தடிமன், மேலே மாட்டினால் மதர்போர்டின் விஆர்எம் (பிராசஸருக்கு மின்சாரம் சீர்செய்து தரும் பகுதி) ஹீட்சிங்கில் இடிக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பழுதாகும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. ஏர் கூலரில் போவது ஃபேன் மட்டும்; வேறொன்று மாட்டினால் முடிந்தது. ஏ.ஐ.ஓ.வில் குழாய்ச் சுவர் வழியே திரவம் மெல்ல ஆவியாகும், பம்ப் ஒரு நாள் நிற்கும், மொத்தத்தையும் மாற்றவேண்டும். பம்ப் சுற்றின் உச்சியில் இருந்தால் காற்றுக்குமிழி அங்கே போய்ச் சேர்ந்து களகளவென்று சத்தம் வரும். ரேடியேட்டரின் மேல்முனை எப்போதும் பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். பம்ப் வயரைச் செருகிய மதர்போர்டு ஹெடரை (இணைப்பு முனை), மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் முழுவேகத்தில் வையுங்கள். வெப்பத்தைப் பார்த்து வேகம் குறைய விட்டால் குளிர்ச்சியும் குறையும்.

எக்ஸ்3டி சிப்பின் வெப்பம் நொடியில் குதிக்கும், கூடவே ஃபேனும் உறுமி அடங்கும். ஃபேன் வேகம் ஏறச் சில நொடி தாமதம் வையுங்கள், ஏ.ஐ.ஓ. வசதி தந்தால் திரவ வெப்பத்தை அளவுகோலாக்குங்கள். எது வாங்கினாலும் கூலர் அடித்தட்டின் பிளாஸ்டிக் தாளை உரித்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடவுங்கள்.