அபிராட்டெரோனா, என்சலுட்டமைடா: எது எங்கே தடுக்கிறது?

அபிராட்டெரோன், என்சலுட்டமைடு இரண்டும் புராஸ்டேட் புற்றுநோய்க்கான மருந்துகள். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்லில் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்பது மரபணுக்களை இயக்கும் புரதம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வந்து ஒட்டியதும் அது உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ.வில் அமர்ந்து, பி.எஸ்.ஏ.வை (நோயின் போக்கை அறிய ரத்தத்தில் அளக்கும் புரதம்) தயாரிக்கும் கேஎல்கே3 போன்ற மரபணுக்களை முடுக்கிவிடும்.

அபிராட்டெரோன் ஹார்மோனையே வற்றவைக்கிறது. ஹார்மோன் உருவாகத் தேவையான சிஒய்பி17 நொதியைத் தடுப்பதுதான் அதன் வேலை. தினம் 1,000 மி.கி., வெறும் வயிற்றில், கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. உணவோடு விழுங்கினால் ரத்தத்தில் மருந்தின் அளவு பல மடங்கு ஏறிவிடும். பொட்டாசியம், ரத்த அழுத்தம், கல்லீரல் மூன்றையும் விடாமல் பார்க்க வேண்டும்.

என்சலுட்டமைடு (160 மி.கி.) ஹார்மோனை விட்டுவிட்டு, அது ஒட்டும் இடத்தை அடைக்கிறது. ஸ்டீராய்டு வேண்டாம், சாப்பாட்டுக் கணக்கும் இல்லை. ஆனால் முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் தப்பிப்பது ஏஆர்-வி7. ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் கட்டத்தில், ஹார்மோன் ஒட்டும் பகுதியே இல்லாமல் உருவாகும் குட்டை ஏற்பி அது. ஹார்மோன் இன்றியே மரபணுக்களை இயக்கும். 2014இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் திரியும் புற்றுச்செல்களில் ஏஆர்-வி7 இருந்தவர்களில் ஒருவருக்குக்கூட இம்மருந்துகளால் பி.எஸ்.ஏ. பாதியாகக் குறையவில்லை. அத்தகையவருக்கு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் பார்த்து மாதங்களை இழப்பதைவிட, டோசிடாக்சல் என்ற கீமோதெரபி பக்கம் போவதே மேல்.