120 ஃபியூஸ் பெட்டி வேண்டாம், 9 வெள்ளி டெஸ்ட் லைட் வாங்குங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகலாம். இங்கே சிங்கப்பூரில் இணையத்தில் 8 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்கிற, கம்பெனி பெயரே இல்லாத, 120 ஃபியூஸ் அடங்கிய பெட்டியை வாங்காதீர்கள். வாங்கி வைத்திருந்தால் அதிலிருந்து எதையும் வண்டியில் செருகாதீர்கள். கிட்டத்தட்ட அதே காசுக்கு மின்சாரம் வருகிறதா என்று காட்டும் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லைட் கிடைக்கும், கூடவே நல்ல ஃபியூஸ் பத்து தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி, டெஸ்ட் லைட் இரண்டையும் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். வண்டி தீப்பிடிக்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் வண்டி 11 வருடப் பழைய டபுள் கேப் பிக்கப். ஏர்கான் சர்வீஸ் வேலை. பின்னால் கேனப்பி, அதாவது மூடிய கூண்டு, அதற்குள் கேஸ் சிலிண்டர், வேக்குவம் பம்ப், ஏணி என்று எப்போதும் நிறைந்திருக்கும். சி.ஓ.இ., அதாவது இங்கே வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய சான்றிதழ், அதைப் புதுப்பித்து ஓட்டுகிறேன், 10 வருடம் தாண்டியதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன். அதனால் விளக்கு, வயரிங் விஷயத்தில் அலட்சியமாக இருக்க முடியாது.

துவாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை முடிய இரவாகிவிட்டது, நல்ல மழை. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் ஏறுவதற்கு முன் கதவைப் பூட்டப் போன தம்பி, என்னோடு வேலை செய்கிற புதுக்கோட்டைப் பையன், பின்னாலிருந்து கத்தினான். “அண்ணே, பின்னாடி லைட் ஒண்ணுமே எரியல, நம்பர் பிளேட்டும் இருட்டா கெடக்கு!” மீட்டர் போர்டைப் பார்த்தேன், அதிலும் வெளிச்சம் இல்லை. ஆனால் ஹெட்லைட் எரிகிறது, பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் வருகிறது.

இப்படி மூன்று நான்கு விளக்குகள் ஒரே நேரத்தில் போனால் பல்பைக் கழற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்லா பல்பும் ஒன்றாகச் சாகாது. டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர் வெளிச்சம் மூன்றும் பெரும்பாலும் ஒரே ஃபியூஸில்தான் இருக்கும், பிரேக் லைட்டுக்குத் தனி ஃபியூஸ். எது எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு நிமிடம் பார்த்தாலே எந்த ஃபியூஸ் என்று பாதி தெரிந்துவிடும்.

என் வண்டியில் ஃபியூஸ் பெட்டி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பானட்டுக்குள் பேட்டரி பக்கத்தில், கறுப்பு மூடி போட்டது. இன்னொன்று டேஷ்போர்டுக்குக் கீழே. மூடியைத் திருப்பிப் பார்த்தால் எந்தக் குழி எதற்கு, எத்தனை ஆம்பியர் என்று படம் இருக்கும், ஃபியூஸ் பிடுங்குகிற சின்ன கிடுக்கியும் அங்கேயே மாட்டியிருக்கும். இணையத்தில் படம் தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கிடைப்பதில் பல, ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள வண்டிக்குப் போட்ட படம். நம் ஊர் வண்டிக்கு அது பொருந்தாமல் போகலாம், பெட்டி இருக்கும் பக்கமே மாறும். உங்கள் வண்டி மூடியில் இருக்கிற படத்தை மட்டும் நம்புங்கள். நான் அதைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், மழையில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு படிக்கிற அளவுக்கு எழுத்து பெரியதில்லை.

டெயில் என்று போட்ட குழியைப் பார்த்தேன். மூடியில் 10 என்று இருக்கிறது, சிவப்பு ஃபியூஸ் இருக்க வேண்டும். இருந்தது மஞ்சள், அதாவது 20, அதுவும் எரிந்திருந்தது. போன வருடம் இதே மாதிரி விளக்கு போனபோது ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன், 80 வெள்ளி வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் தந்தார்கள். அவர்கள் செய்தது இதுதான். ஏன் எரிகிறது என்று பார்க்காமல், எரியாதபடி பெரிய ஃபியூஸைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற இருப்பதில்லை, வயரைக் காப்பாற்ற இருப்பது. 10 ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரில் 20 போனால் ஃபியூஸ் சும்மா இருக்கும், வயர் சூடாகும், மேல்தோல் உருகும், பக்கத்து வயரோடு ஒட்டும். என் வண்டியில் வயரின் தோல் இரண்டு சாண் நீளத்துக்குப் பழுப்பாகி, வளைத்தால் உதிர்கிற நிலைக்கு வந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

சரி, அந்த 120 ஃபியூஸ் பெட்டி கையுறைப் பெட்டியில் இருந்தது, அதிலிருந்து ஒரு சிவப்பு 10 எடுத்துப் போட்டேன். எல்லா விளக்கும் வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம். பத்து நிமிடம் போயிருக்காது, பிளாஸ்டிக் கருகுகிற வாடை. விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன! அடுத்த வெளிவழியில் இறங்கி, ஜூரோங் பக்கம் ஒரு கார் பார்க்கில் நிறுத்தி ஃபியூஸைத் தொட்டால் விரல் சுட்டுவிட்டது. கிடுக்கியால் பிடுங்கினேன், சிவப்பு பிளாஸ்டிக் இளகிக் கோணியிருந்தது, உள்ளே கம்பி மட்டும் அறுபடவில்லை. அறுபடுவதுதான் அதன் ஒரே வேலை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் எம்.ஆர்.டி. ரயிலில் வீட்டுக்குப் போனோம்.

அந்தச் சனிக்கிழமை ஜாலான் புசார் சிம் லிம் டவருக்குப் போனேன். ரோச்சோர் எம்.ஆர்.டி. பக்கம், போன், கணினி விற்கிற சிம் லிம் ஸ்குவேர் வேறு, மாறிப் போய்விடாதீர்கள். டவரில் மீட்டர், கனெக்டர், ஸ்விட்ச், வயர் என்று சில்லறைச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். நான் போன கடையில் வயதான சீன அங்கிள் இருந்தார். வோல்ட், ஆம்பியர் அளக்கிற மல்டிமீட்டர் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், உருகிய ஃபியூஸைக் காட்டினேன், கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். 40 வெள்ளி மீட்டரை விற்றிருக்கலாம், விற்கவில்லை, 9 வெள்ளி டெஸ்ட் லைட்டையும், கம்பெனி பெயர் பொறித்த ஃபியூஸ் பத்தையும், வயர் பிடித்த ஒரு ஃபியூஸ் ஹோல்டரையும் எடுத்து வைத்தார். ஃபியூஸ் ஒன்று ஒரு வெள்ளி. பெட்டியில் ஒன்று ஏழு காசுக்குக் கீழே வருகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன்.

இந்தத் தகடு ஃபியூஸை லிட்டல்ஃபியூஸ் நிறுவனம் 1976-இல் கொண்டுவந்தது. இன்று அதற்கு ஐ.எஸ்.ஓ. 8820 என்று உலக அளவில் ஒரு தரம் இருக்கிறது. அதன்படி, போட்டிருக்கிற அளவைப் போல இரண்டு மடங்கு மின்சாரம் போனால் இந்தத் தகடு ஃபியூஸ் 5 வினாடிக்குள் அறுபட வேண்டும். எங்கள் கம்பெனி யார்டில் தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் சோதித்தேன். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று இருந்தது, 60 வாட், 55 வாட் இரண்டு இழையையும் சேர்த்துப் பேட்டரியில் கொடுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நடுவில் ஹோல்டரில் 5 ஆம்பியர் ஃபியூஸ், அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கிள் கொடுத்தது நான்கு எண்ணுவதற்குள் போய்விட்டது. பெட்டியில் இருந்த மூன்றைப் போட்டேன். ஒன்று இருபது வினாடிக்குப் பிறகு போனது. மற்ற இரண்டும் ஒரு நிமிடம் தாண்டியும் அப்படியே இருந்தன, பிளாஸ்டிக் இளக ஆரம்பித்ததும் நானே கழற்றிவிட்டேன். அந்த ஒர்க்‌ஷாப் 10 இருக்க வேண்டிய இடத்தில் 20 போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் 10 என்று எழுதியிருப்பதால் நாம் நம்பிவிடுவோம், அதனால் இது இன்னும் மோசம்.

பெட்டியைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 120 இருந்தாலும் என் வண்டி டேஷ்போர்டுக்குக் கீழே கேட்கிற கால் குட்டையான மினி ஃபியூஸ் ஒன்றுகூட இல்லை. சாதாரண மினியைப் போட்டால் முழுதாக இறங்காமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கூட வந்த கிடுக்கி இரண்டாவது முறையே முறிந்தது. 5-இன் இளம்பழுப்பும் 7.5-இன் பழுப்பும் டார்ச் வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரிகின்றன, எண் அச்சு வேறு மங்கல்.

டெஸ்ட் லைட்டுக்கு வருகிறேன். ஸ்குரூடிரைவர் மாதிரி ஒரு பிடி, முனையில் ஊசி, உள்ளே சின்ன பல்பு, பின்னால் ஒரு வயரும் கிளிப்பும். கிளிப்பைப் பெயிண்ட் இல்லாத போல்ட்டில் மாட்டுங்கள், அதுதான் எர்த், பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்டு லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் கெட்ட எர்த்தை வைத்துக்கொண்டு எல்லா ஃபியூஸும் போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள். அப்புறம் சாவியை ஆன் செய்து விளக்கு ஸ்விட்சையும் போடுங்கள். ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், ஊசியால் இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது, இரண்டிலும் எரியாவிட்டால் மின்சாரமே அங்கே வரவில்லை, வேறு இடத்தில் தேட வேண்டும். ஒன்றையும் பிடுங்காமல் ஒரு பெட்டி முழுவதையும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பழக்கத்தில், மயிரிழை அளவு விரிசல் கண்ணுக்குத் தெரியாது, எதை எந்தக் குழியில் வைத்தோம் என்பதும் மறந்துவிடும். ஃபியூஸைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சாவி ஆஃபில் இருக்கட்டும். பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை ஏர்பேக் வயரிலும் இன்ஜின் கம்ப்யூட்டர் வயரிலும் வைக்கவே வைக்காதீர்கள், ஏர்பேக் கனெக்டர் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புதிய ஃபியூஸ் போட்டு உடனே எரிகிறது என்றால் எங்கோ ஷார்ட் (வயர் வண்டித் தகரத்தில் படுவது) இருக்கிறது, ஃபியூஸாகப் போட்டுக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. எனக்கு அங்கிள் சொல்லிக்கொடுத்த வழி இது. ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அந்தக் குழியின் இரண்டு முனைக்கு நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஷார்ட் விலகினால் மங்கிவிடும். பல்பே மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதால் வயர் சூடாகாது, நேரம் எடுத்துத் தேடலாம். தம்பியைப் பல்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் முன்னாலிருந்து பின்னால் வரை வயரை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போனேன். டெயில்கேட் கீல் பக்கம் கை வைத்ததும் “அண்ணே, மங்கிடுச்சு, அங்கதான்” என்றான். கேனப்பி மாட்டியவர்கள் உள்விளக்குக்காக டெயில் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, அதைக் கீலுக்கு நடுவே விட்டிருக்கிறார்கள். டெயில்கேட்டைத் திறந்து மூடித் திறந்து மூடி தோல் அறுந்து, சில இழைகள் மட்டும் தகரத்தில் உரசிக்கொண்டிருந்தன. மழையில் ஈரம் சேர்ந்ததும் இன்னும் மோசமாகியிருக்கிறது. புது வயர் போட்டு, ரப்பர் குழாய்க்குள் விட்டு, கீலைத் தொடாமல் சுற்றிக் கொண்டுபோனேன். முன்பு சொன்ன பழுப்பான வயரையும் வெட்டி மாற்றினேன். வயரும் குழாயும் சேர்த்து 12 வெள்ளி, ஒரு மதியம் வேலை. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் அன்று போட்டது இன்னும் இருக்கிறது, நடுவில் ஒரு இன்ஸ்பெக்‌ஷனும் தேறியாகிவிட்டது.

கேனப்பி, டேஷ்கேம், ரிவர்ஸ் கேமரா என்று பிறகு மாட்டிய சாமான் உள்ள வண்டியில் ஃபியூஸ் போனால், முதலில் அந்த வயர்களைப் பாருங்கள். என் அனுபவத்தில் கம்பெனி போட்ட வயர் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை.

டெஸ்ட் லைட்டில் ஒரே குறை வயர் நீளம், ஒரு மீட்டர்கூட இல்லை. காருக்குப் போதும், பிக்கப்பில் பேட்டரிக்கும் டெயில்கேட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! பின்னால் வேலை செய்யும்போது டோ ஹூக் போல்ட்டைச் சுரண்டி அதில் கிளிப்பை மாட்டிச் சமாளித்தேன். சுருள் வயர் வைத்த மாடல் அதே கடையில் 3 வெள்ளி கூடுதலாக இருக்கிறது, பிக்கப்போ லோரியோ ஓட்டுபவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். பெட்டியில் மிச்சமிருந்த ஃபியூஸ்களை யார் கையிலும் சிக்காதபடி கால்களை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். அந்தப் பிளாஸ்டிக் பெட்டி மட்டும் நன்றாக இருக்கிறது, ஏர்கான் ஸ்குரூ போட்டு வைத்திருக்கிறேன்.