லுன்டாய் ஹூயாங் காட்டுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

போன அக்டோபர் கடைசியில் நானும் என் மச்சானும் சீனாவின் வடமேற்கில் இருக்கும் சின்ஜியாங் போயிருந்தோம். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு சீனா விசா கேட்பதில்லை, அந்தத் தைரியம்தான். தக்லமகான் பாலைவனத்தின் வடக்கு ஓரத்தில், லுன்டாய் ஊரிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் தாரிம் ஆற்றங்கரையில் பாலைவன பாப்லர் மரக் காடு இருக்கிறது. சீனர்கள் ஹூயாங் என்பார்கள், உய்குர் மக்களுக்கு தோக்ராக். அக்டோபர் பிற்பாதியில் காடு முழுக்க மஞ்சளாகும், அதற்கப்புறம் பலமாக ஒரு காற்று அடித்தால் கதை முடிந்தது. அந்த அவசரத்தில்தான் மாட்டினோம்.

வீசாட்டில், அதாவது சீனர்களின் வாட்ஸ்அப் மாதிரியான ஆப்பில், ஒரு டூர்காரர் கிடைத்தார். "இன்று காலை எடுத்தது" என்று தண்ணீரில் நிழல் விழும் மஞ்சள் மரப் படங்களாக அனுப்பித் தள்ளினார். கார், வழிகாட்டி, அந்தக் காட்டுப் பார்க்கின் நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 1,600 யுவான். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார், நாங்களும் கொடுத்துத் தொலைத்தோம்.

காலை 10 மணிக்கு வண்டி என்றார்கள், வந்தது 12-க்கு. கேட்டால் இப்போதுதான் 10 என்று டிரைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். சட்டப்படி சீனா முழுவதும் பெய்ஜிங் நேரம்தான், ஆனால் சின்ஜியாங்கில் பலர் இரண்டு மணி நேரம் பின்தங்கிய உள்ளூர் நேரத்தில் பேசுவது வழக்கம், அது எனக்கும் தெரியும். சரி, நம் தப்பு என்றுகூட நினைத்தேன், அப்புறம் புக்கிங் செய்தியைத் திறந்து பார்த்தால் "பெய்ஜிங் நேரம்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பாதி வழியில் மொழிபெயர்ப்பு ஆப்பை நீட்டினார் டிரைவர். காற்றுக்காக பார்க்கை மூடிவிட்டார்களாம், அதைவிடப் பழைய காடு ஒன்று இருக்கிறதாம், கூட்டமே இருக்காதாம். மண் பாதையில் திரும்பி ஒரு சங்கிலி கட்டிய இடத்தில் நின்றால், அங்கே ஒருவர் கியூஆர் அட்டையோடு தயாராக நிற்கிறார், ஆளுக்கு 100 யுவான். நுழைவுச்சீட்டுதான் சேர்த்தாச்சே என்றால், அது பார்க்குக்கு, இது வேறு என்றார்கள்.

உள்ளே மரங்கள் மஞ்சளாகத்தான் இருந்தன, பொய் சொல்லக்கூடாது. "எல்லாம் ஆயிரம் வருட மரம்" என்றார் வழிகாட்டி. மச்சான் செடிகொடிப் பைத்தியம், ஒரு கொப்பை வளைத்துப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், தென்னந்தோப்பு மாதிரி வரிசையா நட்டு வச்சிருக்கான்?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். அடிமரம் என் தொடை கனம்கூட இல்லை. மணலைக் காலால் தள்ளினால் கறுப்பு சொட்டுநீர்க் குழாய், ஓட்டைக்கு ஓட்டை ஈரம். எல்லாவற்றையும்விட இலைதான் காட்டிக்கொடுத்தது. இந்த மரம் இளசாக இருக்கும்போது இலை அரளி இலை மாதிரி நீளமாக, ஒல்லியாக இருக்கும், வயதான பிறகுதான் மேல்கிளைகளில் அகலமாக, ஓரத்தில் பல் வெட்டியதுபோல வரும். அங்கே நுனி வரை எல்லாமே ஒல்லி இலை.

இதோடு விட்டார்களா என்றால் இல்லை. "ஹூயாங் கண்ணீர்" என்று ஒரு சின்ன டப்பா, மூட்டுவலி மருந்தாம், 80 யுவான். மரம் உறிஞ்சிய உப்பு அடிமர வெடிப்புகளில் வெள்ளையாகக் கசிந்து காயும், அதைத்தான் அப்படிச் சொல்வார்கள், அங்கே மாவு பிசையப் பயன்படுத்தும் சோடா அது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், நம் ஆப்ப சோடாவேதான். வாங்கவில்லை.

மறுநாள் ஊரில் ஒரு டாக்சி பிடித்து நாங்களே போனோம். பார்க் திறந்திருந்தது. முந்தைய நாளும் திறந்துதான் இருந்தது என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னார். உள்ளே சின்ன ரயில் ஓடுகிறது, அதுதான் அசல் இடத்துக்கு நல்ல அடையாளம். பழைய ஆற்றுத் தடங்களை ஒட்டி, வரிசையும் கிரிசையும் இல்லாமல், ஒன்று சாய்ந்து ஒன்று முறுக்கி நிற்கின்றன, நாங்கள் இரண்டு பேர் கைகோத்தும் கட்ட முடியாத மரங்கள். ஒரே மரத்தில் கீழே ஒல்லி இலை, மேலே பல் வைத்த இலை. பாதி கொட்டிவிட்டிருந்தது, இருந்தாலும் மச்சான் அரை மணி நேரம் பேசவே இல்லை. இதற்கு ஒரு முழு நாள் வைத்திருந்தோம், கையில் மிஞ்சியது நாலு மணி நேரம், அன்றிரவே ரயில்.

போகிறவர்கள் சீட்டை நீங்களே எடுங்கள். யாராவது "மூடிவிட்டார்கள்" என்றால் காரை விட்டு இறங்காமல் உங்கள் விடுதியிலிருந்து பார்க்குக்கு போன் போடச் சொல்லுங்கள், நாங்கள் அதைச் செய்யவில்லை. திருப்பித் தரச் சொல்லிக் கேட்டதற்கு "200 படம் எடுத்தீர்களே" என்றார் டூர்காரர். அரசாங்கப் புகார் எண் 12345-க்கு விடுதிக்காரப் பெண் எங்களுக்காக போன் செய்த பிறகு 500 யுவான் வந்தது, மீதி வரவில்லை.

நேற்றுகூட அந்த ஆள் "இன்று காலை எடுத்தது" என்று மஞ்சள் காடு ஒன்றைப் போட்டிருக்கிறார். இது டிசம்பர், அங்கே இப்போது ஒரு மரத்திலும் இலை கிடையாது.