எல்எச்சி டிடெக்டர்களுக்கான ஜேகாப் ஃபிரேம்வொர்க்: ஒரு நீண்டகாலப் பயனரின் பார்வை

அட்லஸ், சிஎம்எஸ், அலிஸ், எல்எச்சிபி ஆகிய நான்கு சோதனைகளும் செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மோதவைக்கும் எல்எச்சி முடுக்கி வளையத்தில் வெவ்வேறு இடங்களில் அமைந்து, பெரும்பாலும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடுபவை. ஆயினும் மோதல்களில் தோன்றும் துகள்களைப் பதிவு செய்யும் அவற்றின் டிடெக்டர்களுக்கு உயர் மின்னழுத்தம் தருவது, குளிர்விப்பது, வாயு செலுத்துவது, வெப்பநிலை அளப்பது போன்ற அடிப்படை வேலைகள் ஏறத்தாழ ஒன்றே. அவற்றுக்கான மென்பொருளை நான்கு இடங்களில் நான்கு விதமாக எழுத வேண்டியதில்லை என்று 1990களின் பிற்பகுதியில் எடுக்கப்பட்ட முடிவே ஜேகாப் எனப்படும் கூட்டுக் கட்டுப்பாட்டுத் திட்டம். அதிலிருந்து உருவான பொது மென்பொருள் கூறுகளின் தொகுப்பே இங்கே நான் மதிப்பிடும் ஃபிரேம்வொர்க். இந்தச் சோதனைகளில் ஒன்றின் துணை டிடெக்டர் ஒன்றுக்கு இதைக் கொண்டு கட்டுப்பாட்டு அமைப்பு உருவாக்கி, 2010இல் தொடங்கிய முதல் இயக்கக் காலத்திலிருந்து பராமரித்துவரும் அனுபவத்தில் எழுதுகிறேன்.

இதன் அடித்தளம் செர்ன் எழுதியது அன்று. சந்தையில் கிடைத்த ஸ்காடா (கருவிகளைக் கண்காணித்து இயக்கும்) மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்த்து, ஆஸ்திரியாவின் இடிஎம் நிறுவனத்தின் பிவிஎஸ்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007இல் அந்த நிறுவனத்தை சீமென்ஸ் வாங்கிய பிறகு அதே மென்பொருள் வின்சிசி ஓஏ என்ற பெயரில் தொடர்கிறது. அளவு மாறும்போது மட்டும் தகவல் அனுப்பும் முறை, ஒரு கருவியின் எல்லா அளவுகளையும் ஒரே டேட்டாபாயிண்ட்டுக்குள் அடக்கும் வசதி, பல கணினிகளில் ஓடும் அமைப்புகளை ஒன்றாக இணைக்கும் திறன் ஆகியவை அதன் பலங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கணினிகளில் பரவிக் கிடக்கும் அட்லஸின் கட்டுப்பாட்டு அமைப்பைப் பார்த்தால், கடைசியாகச் சொன்ன திறன் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்பது விளங்கும்.

ஃபிரேம்வொர்க்கில் நான் மிக உயர்வாக மதிப்பது, ஒவ்வொரு கருவியையும் ‘அணைந்தது’, ‘தயார்’ போன்ற நிலைகளாகக் கையாளும் நிலை எந்திரப் பகுதியைத்தான். எல்எச்சிக்கு முந்தைய முடுக்கியான லெப் காலத்து டெல்ஃபி சோதனையில் பிறந்த எஸ்எம்ஐ++ என்ற மென்பொருள் இதன் உள்ளே இயங்குகிறது. டிடெக்டர் முழுவதையும் ஒரு மரமாக வரைந்துகொள்கிறோம். நுனியில் மின்வழங்கியின் ஒவ்வொரு சேனலும், அதற்கு மேலே பிரிவுகளும், உச்சியில் முழு டிடெக்டரும் நிற்கின்றன. கட்டளைகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன; நிலைகள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. சோதனை ஓட்டத்தின்போது ஒரு குழு தன் கிளையை மட்டும் மரத்திலிருந்து விலக்கி, அதைத் தன் பொறுப்பில் வைத்து வேலை செய்துவிட்டு, பிறகு திரும்ப இணைத்துவிடலாம். கிளை எவர் கையில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு எவரும் அதற்குக் கட்டளையிட முடியாது. பல நாட்டு நிறுவனங்களின் ஆட்கள் ஒரே குகைக்குள் ஒரே வாரத்தில் வேலை செய்யும் நிறுத்தக் காலங்களில் இந்த ஒழுங்கு எவ்வளவு சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது என்பதை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள்.

திரையில் நிலைகளைக் காட்டும் நிறங்களும் அப்படியே. பச்சை என்றால் தரவு எடுக்கத் தயார். நீலம் என்றால் கோளாறு ஏதுமில்லை, ஆனால் தரவு எடுக்கும் நிலையில் இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பன கவனத்தின் படிகள். துணை டிடெக்டரின் உட்புறம் அறியாதவரும் ஷிஃப்டில் அமர்ந்து திரையைப் படிக்க முடிவது இதனால்தான். பொது மென்பொருளின் பெரும்பயன் குறியீட்டைப் பகிர்ந்துகொண்டதில் இருப்பதாக முதலில் எண்ணியிருந்தேன். நாளடைவில், இத்தகைய உடன்பாடுகளைப் பகிர்ந்துகொண்டதே அதைவிடப் பெரிது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். குறியீட்டைத் திரும்ப எழுதிவிடலாம். நான்கு சோதனைகளின் பொறியாளர்களை மறுபடியும் ஒரு மேசையில் அமர்த்திச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு எளிதன்று.

எனினும் உடன்பாடு எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கவில்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு சேனல் டிரிப் ஆகி, அதாவது பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிட்டால், ‘ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று காட்டுவதா, ‘பிழை’ என்று காட்டுவதா? இயக்கத்தின் கட்டம் ஒன்றாகவும் உடல்நலம் வேறொன்றாகவும் இரண்டு பண்புகளைப் பிரித்து அட்லஸ் இதற்குத் தீர்வு கண்டது. ஆயிரக்கணக்கான சேனல்களில் ஒன்று செயலிழந்ததற்காக டிடெக்டர் முழுவதும் சிவப்பாவதும் ஏற்புடையதன்று. ஆகவே இத்தனை விழுக்காடு சேனல்கள் சரியாக இருந்தால் போதும் என்று பெரும்பான்மை பார்த்து நிலையைக் கணக்கிடும் வசதி தேவைப்பட்டது. இவை அனுபவம் கற்றுத்தந்த சேர்க்கைகள். முதல் வடிவமைப்பிலேயே இவற்றை எதிர்பார்ப்பது நியாயமன்று.

கருவி மட்டத்தில் பொதுமை இன்னும் தெளிவாகப் பலன் தந்தது. காந்தப்புலத்திலும் கதிர்வீச்சிலும் தாக்குப்பிடிக்கும் இஎல்எம்பி என்ற சிறு மின்பலகை, 64 அனலாக் உள்ளீடுகளுடன் கேன் பஸ் என்ற தகவல் தடம் வழியாகப் பேசுவது. அட்லஸில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை பயன்படுகின்றன. ஃபிரேம்வொர்க்கில் அதற்கென ஒரு கூறு இருப்பதால், புதிதாக வருபவர் பலகையின் உள் ரெஜிஸ்டர் முகவரிகளைப் படிக்காமலேயே தன் வெப்பநிலைகளைத் திரையில் கொண்டுவந்துவிடலாம். வரைபடம், பயனர் அனுமதி போன்ற மற்றக் கூறுகள் சொல்லிக்கொள்ளும்படி தொல்லை தந்ததில்லை.

தொல்லை தந்தது கருவிகளுடன் பேசும் அடுக்கு. கருவிகளுடன் மென்பொருள் பேசுவதற்கான நெறிமுறையான ஓபிசியின் பழைய வடிவம், நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள விண்டோஸ் தரும் டிகாமைச் சார்ந்து நின்றதால், மேலே உள்ள அனைத்தும் லினக்ஸுக்கு மாறத் தயாராக இருந்தபோதும் சில கணினிகளை விண்டோஸிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. கேபிள் ஒன்று அறுந்தால் இணைப்பு தானே மீளுமா என்பதும் நிச்சயமில்லை. ஒரு மின்வழங்கி தயாரிப்பாளரின் சர்வர், இணைப்பு போன பிறகும் கடைசி அளவை நல்ல அளவாகவே காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, மதிப்புடன் அதன் நேர முத்திரையையும் சோதிக்கும் சிறு நிரல் எங்கள் அமைப்பில் நிரந்தரமாக இடம்பெற்றுவிட்டது. விண்டோஸைச் சாராத புதிய ஓபிசி யூஏ வந்ததும், எக்ஸ்எம்எல்லில் எழுதிய வடிவமைப்பிலிருந்து சர்வர் குறியீட்டை உருவாக்கித்தரும் குவேசார் என்ற கருவியை அட்லஸ் பொறியாளர்கள் எழுதியதும் நிலைமையை வெகுவாகச் சீராக்கின. ஒரு சோதனையில் தொடங்கிய வேலை பொதுச்சொத்தாக மாறியதற்கு இது நல்ல உதாரணம்.

பொதுமைக்கு விலையும் உண்டு. அடித்தள மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது ஃபிரேம்வொர்க்கின் எல்லாக் கூறுகளும் அதனுடன் நகர வேண்டும். அவற்றின் மேல் நாம் எழுதிய நிரல்களும் நகர வேண்டும். இதற்குப் பொருத்தமான காலம் எல்எச்சியின் நீண்ட நிறுத்தங்கள்தான். அதே மாதங்களில்தான் டிடெக்டரைத் திறந்து வன்பொருளையும் மாற்றுவார்கள். வன்பொருளும் மென்பொருளும் ஒருசேர மாறிய பிறகு எழும் கோளாறு எதனால் என்று கண்டுபிடிப்பது ஊதியமில்லாத துப்பறியும் வேலை. அளவுகளைச் சேமித்துவைக்கும் ஆவணக்கிடங்கும் கவனம் கேட்பது: எவ்வளவு மாற்றம் ஏற்பட்டால் பதிவு செய்வது என்ற வரம்பைச் சேனல்தோறும் யோசித்து வைக்காவிட்டால், ஆரக்கிள் தரவுத்தளம் இரைச்சலால் நிரம்பிவிடும். இந்த முடிவைப் பொதுக்குழு நமக்காக எடுக்க முடியாது. தன் டிடெக்டரை அறிந்தவரே எடுக்க வேண்டும்.

பொது எல்லையை எங்கே வரைவது என்பதில் நான்கு சோதனைகளும் வேறுபடுகின்றன. எல்எச்சிபி, தரவு சேகரிப்பையும், எந்த மோதல்களைப் பதிவு செய்வது என்று தேர்ந்தெடுக்கும் டிரிகரையும்கூட இதே கருவிகளால் கட்டியதால், மிகச் சிறிய ஷிஃப்ட் குழு முழுச் சோதனையையும் இயக்குகிறது. மற்றவை தரவு சேகரிப்பைத் தனி மென்பொருளுக்கு விட்டு, இதை டிடெக்டரின் பராமரிப்புடன் நிறுத்திக்கொண்டன. உயிருக்கோ கருவிக்கோ ஆபத்து வரும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு நான்கிலும் பிஎல்சி எனப்படும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகளில் தனியாக இயங்குகிறது. அதை ஸ்காடாவுடன் கலக்காதது மிகச் சரியான முடிவு.

சிறு ஆய்வகத்தில் சில மின்வழங்கிகளை இயக்க விரும்புபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உரிமம் வணிகமுறையிலானது; கற்கும் காலமும் நீளம். அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் எபிக்ஸ் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் போதும். செர்னில் பொருத்தவிருக்கும் டிடெக்டரின் முன்மாதிரியை வெளியே சோதிப்பவர்கள் மட்டும், முதல் நாளிலிருந்தே இதிலேயே தொடங்குவது நல்லது. பெயரிடும் முறையையும் நிலைகளையும் பின்னால் மாற்றுவது, அவற்றைப் புதிதாக எழுதுவதைவிட அதிக உழைப்பைக் கேட்கும்.