வெட்டு சுத்தம், பேச்சுக்குத் தயாராகப் போங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நல்லபடியாகச் சவரம் செய்துவிடும் கடை எது என்று யாராவது கேட்டால், பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் இருக்கும் இந்தக் கடையைத்தான் சொல்வேன். பலகையில் பெயர் வெளுத்துப்போய் ‘முடி திருத்தும் நிலையம்’ என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஊரில் ‘அண்ணன் கடை’ என்றாலே போதும், வழி காட்டிவிடுவார்கள்.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். நாள் முழுக்கத் தூசியும் பிசுக்கும். கழுத்துப் பின்னால் எப்போதும் வேர்க்குரு. ஆகவே மெஷினை ஒரு இழுப்பு இழுத்து ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடும் கடைகள் எனக்கு ஒத்துவராது. அண்ணன் முதலில் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். குரு இருக்கும் இடத்தில் கத்தியே வைக்க மாட்டார், கத்தரிக்கோலால் ஒதுக்கிவிடுவார். பிளேடை உறையோடு நடுவில் ஒடிப்பதை நம் கண்ணெதிரே செய்வார், புதுசுதான் என்று நாம் பார்த்துக்கொள்ளட்டும் என்று. காதுக்குப் பின்னால் வரும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார், அந்த நேரத்தில் பேச்சும் நிற்கும். (அந்தப் பேச்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) முடிந்ததும் ஈரப் படிகாரக் கல், அப்புறம் குட்டிக்கூரா பவுடர். தலையில் தட்டி மசாஜ் செய்வது கேட்டால் மட்டும். கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார், கேட்டாலும் செய்ய மாட்டார். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

காத்திருக்க வேண்டும், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கடையில் நாற்காலி மூன்று, ஆள் அவர் ஒருவர்தான். முன்பு திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வயதாகி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். இன்னொருவர் கோவிட் நேரத்தில் போனவர், திரும்பவில்லை. அவர்கள் இடத்துக்குப் புது ஆள் கொண்டுவர முடியவில்லை. முடிதிருத்தும் கடை, நகைத் தொழில், துணிக்கடை மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதை 2009-இல் நிறுத்திவைத்தார்கள். திறக்கிறோம் திறக்கிறோம் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்துகொண்டிருந்தது. உள்ளூர்ப் பையன்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை. அந்த இரண்டு நாற்காலியில் ஒன்றில் துண்டுகள் மடித்துக் கிடக்கின்றன, மற்றதில் காத்திருப்பவர்கள் உட்கார்ந்து சுழன்றுகொண்டிருக்கிறார்கள்.

நான் போனது 2022 நவம்பர் 17 மாலையில். மறுநாளும், ஓட்டு நாளான 19-ஆம் தேதியும் பொதுத் தேர்தலுக்காகப் பொது விடுமுறை என்பதால் ஆலையில் லோரி வரிசை இல்லை, ஊரே கிராப்பு வெட்டிக்கொள்ள வந்தது மாதிரி கூட்டம். வெளியே பிரச்சார வேன் ஒன்று மாற்றி ஒன்று போனது. மழையில் அறுந்து விழுந்த நீலக் கொடியும் சிவப்புக் கொடியும் ஒரே கால்வாயில் கிடந்தன. எனக்கு அந்த முறை எதிலும் ஒட்டவில்லை. அதற்கு முந்தைய பொதுத் தேர்தல் 2018 மே 9, புதன்கிழமை. அன்று கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றேன். 61 வருட ஆட்சி மாறியது, விடிய விடியத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன். 22 மாதத்தில் ஹோட்டல் அறையில் கூடிப் பேசி அதையும் கவிழ்த்தார்கள். ஒரே நாடாளுமன்றத் தவணையில் மூன்று பிரதமர்கள். அதற்குப் பிறகு கட்சி தாவினால் பதவி போகும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள், 2022 அக்டோபர் 5 முதல் நடப்பில் இருக்கிறது. நல்லதுதான். திருடு போன பிறகு வாங்கிய பூட்டு.

செராமா (கட்சிப் பேச்சுக் கூட்டம்) எதற்கும் போகவில்லை. வாட்ஸ்ஆப் குழுக்களை ஊமையாக்கிவிட்டேன். கண்ணை மூடிச் சவரம் செய்துகொண்டு வரலாம் என்றுதான் இந்தக் கடைக்குப் போனேன். அங்கேதான் தப்பிக்க முடியாது, ஏனென்றால் அண்ணனுக்கு அரசியல்தான் மூச்சு. இந்தத் தொகுதியின் எம்.பி.யாக இருந்த சம்பந்தன் காலத்தில் ஆரம்பிப்பார். 1974-லிருந்து சாமிவேலு, 2008-இல் 1,821 வாக்கு வித்தியாசத்தில் டாக்டர் ஜெயக்குமார், 2018-இல் கேசவன். லிந்தாங் எவ்வளவு, ஜாலோங் எவ்வளவு என்று சட்டமன்றக் கணக்கும் வாயில் இருக்கும். கத்தி கன்னத்தில் இருப்பதால் ‘ம்’ கூடச் சொல்ல முடியாது. சாமிவேலு அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்ததைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கியது. ஓட்டளித்தவர்களை விட அவர்தான் அதிகம் துக்கப்பட்டார் போலிருந்தது.

போதாததற்கு அந்த மாதம் கடையில் ஒரு இலவசச் சேவையும் நடந்தது. உட்கார்ந்ததும் அடையாள அட்டை (ஐசி) எண்ணைக் கேட்பார், “ஐசி நம்பர் சொல்லுங்க தம்பி, செமாக்ல பார்த்துடலாம்.” தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் என்ற வாக்காளர் சரிபார்ப்புப் பக்கத்தில் நம்பரை ஒரு விரலால் அடித்து, எந்தப் பள்ளி, எந்தச் சாலுரான் (ஓட்டு வரிசை) என்று படித்துச் சொல்வார். வயதானவர்களுக்குச் சாலுரான் 1, இளையவர்களுக்குக் கடைசி. எனக்கு 2 வந்தது. “ஏறிட்டே வர்றீங்க தம்பி” என்று சிரித்தார். பேராக்கில் அந்தத் தேர்தலில் இரண்டு ஓட்டுச் சீட்டு கொடுப்பார்கள், நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்பதையும் எல்லோருக்கும் விளக்கினார். சிலருக்கு அன்றுதான் தெரிந்தது.

“உங்களது எந்தச் சாலுரான், அண்ணே?” என்று முடி வெட்ட வந்த பையன் ஒருவன் கேட்டான். 19 வயது இருக்கும். இப்போது 18 ஆனாலே பட்டியலில் தானாகப் பெயர் சேர்ந்துவிடுகிறது, அவனுக்கு முதல் ஓட்டு.

“நம்மளுது சிவப்பு ஐசி தம்பி” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

சிவப்பு ஐசி நிரந்தரவாசிகளுக்கானது, குடியுரிமையும் ஓட்டும் கிடையாது. அவரிடம் இருப்பது அதுதான் என்று எனக்கு முன்பே தெரியும். அவர் 1961-இல் இங்கேயே ஒரு ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்தவர். மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய பெற்றோருக்குப் பதிவும் இல்லை, பிள்ளைக்குச் சூராட் பெரானாக்கும் (பிறப்புச் சான்றிதழும்) இல்லை. 1957 மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு 1962 அக்டோபருக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவன் குடிமகன் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்தப் பகுதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, செம்பனை வைத்தாகிவிட்டது. மண்டோர் (தோட்டக் கங்காணி) வீட்டுக் கணக்குப் புத்தகத்தை யாரிடம் போய்க் கேட்பது? 2018-இல் 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அறிவிப்பு வந்தது. அப்போது அண்ணனுக்கு 57. “மூணு வருஷம் முன்னாலேயே அம்மா பெத்திருக்கலாம்” என்பார். 2022-இல் 61 ஆகிவிட்டது. அறிவித்த அரசாங்கம் அப்போது இல்லை.

அந்தப் பையனுக்கு இதில் பாதி புரியவில்லை என்று நினைக்கிறேன். ‘ஃபேட்’ வெட்டச் சொன்னான். இது இந்தக் கடையில் சொல்லக்கூடாத வார்த்தை. அண்ணன் முயற்சி செய்வார், ஆனால் பக்கவாட்டில் படிப்படியாகக் குறையாமல் ஒரு கோடு போட்டமாதிரி நின்றுவிடும். பையன் தொப்பி போட்டுக்கொண்டுதான் வெளியே போனான். ஓட்டுச் சாவடியில் தொப்பியைக் கழற்றச் சொன்னால் பாவம். இளைஞர்கள் ஈப்போவுக்குப் போவது நல்லது.

சாயம் போடுவதில் அவர் கெட்டிக்காரர். வேட்புமனு நாளுக்கு முந்தைய வாரம் கிளைத் தலைவர்கள் எல்லாம் வரிசையில் நின்று தலையைக் கறுப்பாக்கிக்கொண்டு போனதாகச் சொன்னார். எந்தக் கட்சி என்றேன். “எல்லாக் கட்சியும்தான், நரை ஒண்ணுதானே” என்றார். காதோரத் தோலில் கறை ஏறாமல் வாசலின் தடவிவிட்டுத்தான் தொடங்குவார், இதைச் செய்யாத கடைகள் இங்கே உண்டு.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. அரை போனது ஃபேட்டுக்கு. அரை போனது பேச்சுக்கு. என்னைப் போல அலுத்துப்போயிருப்பவர்களுக்கு அந்த அரை கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும். கடையை விட்டு வரும்போது, காலை 8-லிருந்து 10 வரை வரிசை நீளம், 11-க்கு மேல் போனால் சாலுரான் 2 காலியாக இருக்கும், மதியத்துக்கு மேல் மழை வரும் என்று என்னிடம் நேரமும் குறித்துக்கொடுத்தார். போவேனா என்று கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

ஓட்டு நாளன்றும் கடை வழக்கம்போல் காலை 8-க்குத் திறப்பதாக இருந்தது, அவருக்கு வரிசையில் நிற்கும் வேலை இல்லையே. மை வைத்த விரலுக்கு விலை குறைப்பெல்லாம் கிடையாது. அப்போது வெட்டு 12 வெள்ளி (ரிங்கிட்), சவரம் 8, சாயம் 25. காசு மட்டும், கியூஆர் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை. சில்லறையாகக் கொண்டுபோங்கள், 50 வெள்ளி நோட்டை நீட்டினால் பக்கத்துக் கோப்பிக் கடைக்கு உங்களைத்தான் மாற்ற அனுப்புவார்.